அத்தியாயம் 9: என் ஏழு கேம்கள், உங்கள் பட்டியல்

எந்தக் கருவி வாங்குவது, கன்ட்ரோலரை எப்படிப் பழகுவது, பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் அனுமதிப்பது என்றெல்லாம் போன அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இங்கே கொஞ்சம் மனம்விட்டுப் பேசப்போகிறேன். இதுவரை வந்த வீடியோ கேம்களிலேயே எனக்கு ஆகப் பிடித்தவை எவை, எந்த வரிசையில், ஏன் என்பதுதான் விஷயம். உங்களுக்கான பட்டியலை எப்படிப் போட்டுக்கொள்வது என்பதையும் கடைசியில் சொல்கிறேன். பட்டியல் போடுவதை வெட்டி வேலையாக நினைக்க வேண்டாம். அடுத்து என்ன ஆடுவது என்று தெரியாமல், தள்ளுபடியில் கிடைத்ததையெல்லாம் வாங்கிப் போட்டுவிட்டு எதையும் திறக்காமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். தனக்கு எது, எதனால் பிடிக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் அளவுகோலை முடிவு செய்துகொள்ள வேண்டும். விற்பனையை வைத்துப் பார்த்தால் மைன்கிராஃப்ட்தான் முதலிடம். 2023இல் அது 30 கோடி பிரதிகளைத் தாண்டியது. ஆனால் ஊருக்குப் பிடித்ததைச் சொல்ல என் பட்டியல் எதற்கு? காட்சி அழகை வைத்தும் வரிசைப்படுத்த முடியாது. இன்றைக்குக் கண்ணைப் பறிக்கும் கேம் பத்து வருடத்தில் மங்கிப்போகும். கதையை வைக்கலாமா? நல்ல கதை வேண்டுமென்றால் நாவல் இருக்கிறது, சினிமா இருக்கிறது. அவை எதிலும் இல்லாமல் கேமில் மட்டும் இருப்பது ஆடுகிறவரின் கை. நாம் பட்டனை அழுத்தாவிட்டால் கேம் நகராது.

அதனால் ஒவ்வொரு கேமையும் நான் ஒரே கேள்வியால்தான் நிறுக்கிறேன்: சொல்ல வந்ததை என் கையால் செய்யவைத்துச் சொன்னதா? பெரிய பட்ஜெட் கேம்கள் பல இங்கேதான் தோற்கின்றன. இடையிடையே ஓடும் காட்சிகளில் கதாநாயகன் கொலையை நினைத்துக் கண்கலங்குவான். காட்சி முடிந்ததும் அடுத்த அரைமணி நேரம் நம் விரல் நூறு பேரைச் சுட்டுத் தள்ளும். வாய் சொல்வது ஒன்று, கை செய்வது ஒன்று. அப்படிப்பட்ட கேம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் என் பட்டியலுக்குள் வராது.

சில விதிகளும் உண்டு. ஒரு தொடரிலிருந்து ஒன்றுக்கு மேல் கூடாது. ஆடி முடித்து ஒரு வருடமாவது ஆகாத கேமுக்கு இடமில்லை, ஏனென்றால் சூடு ஆறாத வரை எல்லாமே உலகத்தின் தலைசிறந்த கேமாகத்தான் தெரியும். சேர்ப்பதற்கு முன் இன்னொரு தடவை ஆடிப் பார்த்தே ஆக வேண்டும். பத்து என்ற எண்ணுக்காக எதையும் இழுத்து நிரப்பக்கூடாது. எனக்குத் தேறியவை ஏழு. கீழிருந்து மேலே போகிறேன்.

7. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999)

பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்து ஆடிய தலைமுறைக்கு இந்த கேமை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கியது. தொடக்கத்தில் நம்மிடம் இருப்பது ஊர் நடுவே ஒரு கட்டடம், கிராமத்தார் மூன்று பேர், வேவு பார்க்க ஒருவன். இதிலிருந்து ஒரு பேரரசை எழுப்ப வேண்டும்.

புதிதாக ஆடுபவர்கள் எடுத்த எடுப்பில் படை, கோட்டை என்று போய்விடுவார்கள். ஆட்டம் உண்மையில் முடிவாவது முதல் பத்து நிமிடத்தில். ஒரு கிராமத்தாரை உருவாக்க 50 உணவு, 25 நொடி. அந்த மையக் கட்டடம் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காமல் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆட்கள் ஆடு, பழம், காட்டுப்பன்றி, விறகு என்று கைக்கு வேலையோடு இருக்க வேண்டும். அடுத்த யுகத்துக்குப் போக 500 உணவு சேர வேண்டும். இந்தக் கணக்கு கைக்குப் பழகியவர் எதிரியைவிட இரண்டு நிமிடம் முன்னால் அடுத்த யுகத்தில் நிற்பார், அந்த இரண்டு நிமிடத்திலேயே ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். போர் என்பது வயலிலும் விறகிலும் தொடங்குகிறது என்பதை வசனம் எதுவும் இல்லாமல் விரலுக்குச் சொல்லிக் கொடுக்கும் கேம் இது.

2019இல் புதுப்பித்து வெளியிட்ட பதிப்பையே வாங்குங்கள். அதற்கு 2022இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர்கள் தனி நாகரிகமாகச் சேர்க்கப்பட்டார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடலாம். சுருள்வாள் வீசும் வீரர்கள் இருக்கிறார்கள். கிராமத்தாரைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறார்கள். ஏழாம் இடத்தோடு நிற்கக் காரணம், கம்ப்யூட்டரை எதிரியாக வைத்து ஆடும்போது சீக்கிரமே சுவை குறைந்துவிடுகிறது. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்தால்தான் இது முழு கேம்.

6. சூப்பர் மேரியோ பிரதர்ஸ் (1985)

இதை மதிப்பிட முதல் லெவல் ஒன்றே போதும். திரையில் வழிகாட்டும் வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. மேரியோ இடது ஓரமாக நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. அதனால் வலப்பக்கம் நடக்கிறோம். முறைத்த முகத்தோடு காளான் போன்ற ஒரு ஜந்து எதிரே வருகிறது. இடித்தால் சாவு. தொடங்கிச் சில நொடிதான் ஆகியிருக்கும் என்பதால் இழப்பு ஒன்றும் பெரிதில்லை. அடுத்த முறை குதித்துவிடுவோம். கேள்விக்குறி போட்ட கட்டையைத் தலையால் முட்டினால் காசு வருகிறது. இன்னொன்றை முட்டினால் நிஜக் காளான் ஒன்று வெளியே வந்து, வலப்பக்கம் நகர்ந்து, பச்சைக் குழாயில் மோதி, நம்மை நோக்கித் திரும்புகிறது. சற்று முன் காளான் போன்ற ஒன்றிடம் உயிரை விட்டவர்கள் என்பதால் அதைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்போம். மேலேயுள்ள கட்டைகள் தலையில் இடிக்கும், கீழே விழுவோம், காளான் நம்மீது படும். மேரியோ பெரியவனாகிவிடுவான். இது நல்லது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டோம்.

அதே லெவலில் பிற்பாடு படிக்கட்டு மாதிரி அடுக்கிய கட்டைகள் எதிரெதிராக வரும். முதல் இடைவெளியில் கீழே தரை இருக்கும். தவறி விழுந்தாலும் ஏறி வந்துவிடலாம். அடுத்த இடைவெளி அதே அகலம், ஆனால் அடியில் தரை கிடையாது. பழகவிட்ட பிறகுதான் பள்ளம். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் செய்த இந்த ஒரு லெவலில் இருக்கும் பாட போதனை பல பள்ளிக்கூடங்களில் இல்லை.

கேம் முழுவதுமே 40 கிலோபைட். இடத்தை மிச்சம் பிடிக்க, வானத்து மேகத்துக்கும் தரைப் புதருக்கும் ஒரே படத்தை வேறு வேறு நிறத்தில் போட்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளுக்கு இது ஜப்பானிய நின்டெண்டோ கருவியின் நகல்களில், ஒரே கேசட்டில் பல கேம்களோடு அடைபட்டு வந்தது. இன்று முதல்முறை ஆடுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: ஓடுவதற்கு என்று தனி பட்டன் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தபடி குதித்தால்தான் பல பள்ளங்களைத் தாண்ட முடியும்.

5. ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் (2005)

இறந்துபோன பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் பதினாறு ராட்சத உருவங்களைக் கொல்ல வேண்டும். ஆளில்லாத பெரிய நிலப்பரப்பு, ஒரு குதிரை, ஒரு வாள். இடையில் சில்லறை எதிரிகள், ஊர்கள், கடைகள் எதுவுமில்லை. ஜப்பானியரான ஃபுமிட்டோ உவேடாவின் குழு இதில் எதை வைத்தது என்பதைவிட எதையெல்லாம் எடுத்துவிட்டது என்பதுதான் பெரிது.

கை எங்கே வருகிறது என்றால், பிடியில். ராட்சதனின் ரோமத்தைப் பற்றி ஏற ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும். அது உடலை உதறும். விரலை எடுத்தால் விழுந்துவிடுவோம். பலம் குறையக் குறையத் திரையின் மூலையில் வட்டம் சுருங்கும். நாமும் நம்மை அறியாமல் கன்ட்ரோலரை இறுக்குவோம். கடைசியில் அது சரிந்து விழும்போது வெற்றி இசை ஒலிப்பதில்லை, ஒப்பாரி போன்ற இசைதான் எழுகிறது. இவ்வளவு நேரம் பிடியை விடாதது நம் விரல்தானே. அந்த உறுத்தல் பதினாறு தடவையும் கூடிக்கொண்டே போகிறது. ப்ளேஸ்டேஷனில் மட்டுமே கிடைக்கும். 2018இல் புளூபாயிண்ட் நிறுவனம் பிஎஸ்4க்காகப் புதிதாகச் செய்த பதிப்பு நன்றாக இருக்கிறது. குதிரை உடனுக்குடன் சொன்னபடி கேட்காது. அது குறையென்று எண்ணிச் சண்டை போடாமல் போக்கை அதனிடம் விட்டுப் பாருங்கள்.

4. அவுட்டர் வைல்ட்ஸ் (2019)

இதைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்வேன், அதுவே நான் உங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. சின்ன சூரியக் குடும்பம் ஒன்று. மரப்பலகை அடித்த விண்கலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கிறது, நாம் மறுபடி ஆரம்பத்தில் கண்விழிக்கிறோம். இந்தக் கேமில் துப்பாக்கி வாங்க முடியாது, பலம் ஏற்ற முடியாது. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு நம்மோடு வருவது தெரிந்துகொண்ட விஷயம் மட்டுமே. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்குப் போகும் வழி முதல் நிமிடத்திலிருந்தே திறந்துதான் கிடக்கிறது, நமக்குத்தான் தெரியாது.

அலெக்ஸ் பீச்சம் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய வேலை இது. ஒன்றையொன்று சுற்றும் இரு கோள்களில் ஒன்றின் மணல் நிமிடத்துக்கு நிமிடம் மற்றதில் போய் விழுகிறது. அதனால் ஒரு குகைக்குள் எப்போது போகிறோம் என்பது எங்கே போகிறோம் என்பதைப் போலவே முக்கியம். வேறு வேறு கோள்களில் தனித்தனியாக உட்கார்ந்து இசைக்கருவி வாசிக்கும் பயணிகளை ஒரு கருவி வழியாகத் தொலைவிலிருந்தே கேட்கலாம். அதைக் கையில் பிடித்து மெல்லத் திருப்பி, ஒரே பாட்டின் துண்டுகள் அவை என்று நாமே கண்டுகொள்ளும் நேரத்துக்கு ஈடாக ஒரு வசனத்தையும் என்னால் சொல்ல முடியாது.

யூடியூபில் இதைப் பார்த்துவிடாதீர்கள், எங்கும் வழி தேடாதீர்கள். மாட்டிக்கொண்டால் கலத்தில் உள்ள பதிவேட்டைத் திறந்தால் போதும், எந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது மிச்சமிருக்கிறது என்று அதுவே காட்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் இதை முழுமையாக ஆட முடியும். அதனால்தான் நான்காம் இடம். மேலே உள்ள மூன்றும் மறுபடி மறுபடி போனாலும் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

3. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா (1989)

எண்பதுகளில் கேம் கதாபாத்திரங்கள் ஓடினால் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஆடும், உடம்பு அசையாது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் தொங்கி ஏறவும் வைத்து வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் வரைந்து, ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். வாள்சண்டைக்கு 1938இல் வந்த ராபின் ஹுட் திரைப்படத்தின் காட்சியைப் பார்த்தார். விளைவு, இந்த இளவரசனுக்கு உடம்பில் எடை இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பவன் நினைத்த மாத்திரத்தில் நிற்க மாட்டான், சறுக்கித்தான் நிற்பான். குதிக்கக் காலை எடுத்து வைத்துவிட்டால் நடுவானில் மனசு மாற்ற முடியாது.

இந்த ஒன்றால் ஆட்டம் முழுக்க மாறிவிடுகிறது. முழுக் கேமுக்கும் நிஜ நேரத்தில் 60 நிமிடம்தான். அதற்குள் இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும். அவசரம் ஒரு பக்கம், காலடியில் ஆடும் கல்லும் குத்தும் முள்ளும் இன்னொரு பக்கம். ஷிஃப்ட் பட்டனோடு அம்புக்குறியை அழுத்தினால் இளவரசன் ஒவ்வொரு அடியாக ஜாக்கிரதையாக எடுத்து வைப்பான், விளிம்பு வந்ததும் நின்றுவிடுவான். எங்கே ஓடுவது, எங்கே அடியெண்ணி நடப்பது என்று பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் இந்த கேமின் மொத்த வித்தை.

நான் மூன்றாம் இடம் கொடுப்பது நிழலுக்காக. நான்காம் லெவலில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கிறது. ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால் நாம் அந்தப் பக்கம் போய்விடுவோம், கண்ணாடியிலிருந்து நம் நிழலுருவம் இந்தப் பக்கம் ஓடிவிடும். நம் பலமும் அதோடு போய்விடும். பிறகு அது அவ்வப்போது தலைகாட்டும். நமக்கான மருந்தை நம் கண்முன்னே குடித்துவிடும். இன்னோரிடத்தில் கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் விழவைக்கும். கடைசி லெவலில் ஒரு குறுகிய தளத்தில் நேருக்கு நேர் வந்து வாளை உருவும். நாமும் உருவுவோம், வேறென்ன செய்வோம்? அதைக் குத்தினால் நம் பலம் குறையும். இன்னொரு தடவை குத்தினால் இன்னும் குறையும். கொன்றால் நாமும் சாவோம்.

விடை, வாளை உறையில் போடுவது. இதுவரை எதிரியைப் பார்த்ததும் வாளை எடுக்கப் பழகிய விரல், எதிரி வாளோடு நிற்கும்போது அதை உள்ளே வைக்க வேண்டும். அதுவும் வைத்துவிடும். பின் நேராக நடந்து போனால் இரண்டும் ஒன்றாகிவிடும். தன்னோடு தானே சமாதானம் ஆவதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அதை ஒரு பட்டனில் வைத்தவர் மெக்னர்.

இந்த நிழல் பிறந்த காரணமும் கவனிக்கத் தக்கது. புதிதாக ஓர் எதிரியை வரைந்து சேர்க்க ஆப்பிள் 2இன் நினைவகத்தில் இடமில்லை. இளவரசனின் படத்தையே எடுத்துச் சற்று மாற்றிக் காட்டினால் கூடுதல் இடம் தேவைப்படாது என்று செய்தார்கள். தொலைந்துபோனதாக நினைத்த மூல நிரல் பழைய டிஸ்க்குகளில் கிடைத்து, 2012இல் மெக்னர் அதை எல்லோருக்கும் பொதுவில் வெளியிட்டார். நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் காட்டுங்கள்.

2. டெட்ரிஸ் (1984)

மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலைபார்த்த அலெக்சி பஜித்னோவ் எழுதியது. அவர் எழுதிய எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் படம் வரையும் வசதி கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டங்களைக் காட்டினார். நான்கு சதுரம் சேர்ந்த உருவங்கள் மொத்தம் ஏழு. ஆரம்பத்தில் திரை சில நொடிகளிலேயே நிரம்பி ஆட்டம் முடிந்துவிட்டது. நிரம்பிய வரிசையை மறையச் செய்தார், அவ்வளவுதான். ஆட்டத்துக்கு முடிவே இல்லாமல் போயிற்று. 1989இல் நின்டெண்டோவின் கேம் பாய் கருவியோடு சேர்ந்து உலகம் முழுக்கப் போனது. எழுதியவருக்கு அதன் வருமானத்தில் பங்கு வரத்தொடங்கியது 1996இல்தான்.

சொல்ல வந்ததைக் கையால் சொல்ல வேண்டும் என்றேனே, டெட்ரிஸ் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். அதன் மதிப்பெண் முறையைப் பாருங்கள். கேம் பாய் பதிப்பின் முதல் லெவலில் ஒரு வரிசையை அழித்தால் 40 புள்ளி, நான்கை ஒரே வீச்சில் அழித்தால் 1200. நான்கைத் தனித்தனியாக அழித்தால் 160தான். நான்கையும் ஒருசேர அழிக்க நீளக் கட்டை ஒன்றுதான் உதவும். அதனால் ஓரத்தில் ஒரு சந்தைக் காலியாக விட்டு, மற்றதையெல்லாம் மேலே மேலே அடுக்கிக்கொண்டு காத்திருப்போம். நீளக்கட்டை வராது. அடுக்கு உயரும். இந்தச் சந்தை இப்போதே மூடிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தெரியும். இன்னும் ஒன்று, அடுத்தது வரும் என்று விரல் தள்ளிப்போடும். ஆசையையும் பொறுமையையும் பயத்தையும் ஏழு உருவங்களை வைத்து நம்மிடமிருந்தே வரவழைக்கிற விதி இது. கதையோ ஆட்களோ இதற்குத் தேவைப்படவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்துத் தருகின்றன. பை தீர்ந்ததும் அடுத்த பை. எனவே நீளக்கட்டை வெகுநேரம் வராமல் போகாது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அதிகம் போனால் 12 கட்டைகள்தான். பழைய பதிப்புகளில் அந்த உத்தரவாதம் கிடையாது. முதலில் புதியதில் கையைப் பழக்குங்கள். விழும் கட்டையைப் பார்க்காமல் ஓரத்தில் காட்டும் அடுத்த கட்டையைப் பார்க்கக் கண்ணைப் பழக்கினால் ஆட்டம் சட்டென்று ஒரு படி ஏறும்.

1. பேப்பர்ஸ், ப்ளீஸ் (2013)

பெரிய ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு லூகாஸ் போப் தனியாளாகச் செய்த கேம். ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, 1982 நவம்பர். நமக்கு எல்லைச் சாவடியில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறவர்களின் ஆவணங்களைப் பார்த்துப் பாஸ்போர்ட்டில் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். சரிபார்த்து அனுப்பும் ஒவ்வொருவருக்கும் கூலி 5. மாலை ஆறுக்குள் எத்தனை பேரைப் பார்க்கிறோமோ அவ்வளவு வருமானம். அதில்தான் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. கணப்பை நிறுத்தினால் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், மருந்துக்குத் தனியாகப் பணம் வேண்டும்.

திரையில் பாதி நம் மேசை. அந்த மேசை சிறியது, வேண்டுமென்றே சிறியது. பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, விதிப் புத்தகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஒன்றைப் பார்க்க இன்னொன்றை நகர்த்த வேண்டும். தேதி காலாவதியா, ஊர்ப் பெயர் சரியா, படத்தில் இருப்பது இந்த முகம்தானா, எடை ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு காலையும் விதி மாறும். நேற்று போதுமாக இருந்த காகிதம் இன்று போதாது. தப்பாக அனுப்பினால் எச்சரிக்கைச் சீட்டு அச்சாகி வரும். ஒரு நாளில் முதல் இரண்டுக்கு அபராதமில்லை, மூன்றிலிருந்து கூலி வெட்டு.

ஒருநாள் ஒருவர் வருகிறார். ஆவணங்கள் எல்லாம் சரி. முத்திரை குத்தி அனுப்பும்போது, பின்னால் வருவது என் மனைவி, தயவு காட்டுங்கள் என்கிறார். அந்த அம்மாள் வருகிறார், அவரிடம் அனுமதிச் சீட்டு இல்லை. அங்கே கேம் நின்று, இரக்கமா சட்டமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று இரண்டு வரியைக் காட்டுவதில்லை. எப்போதும் இருக்கும் அதே இரண்டு முத்திரைகள்தான் இருக்கின்றன. கடிகாரம் ஓடுகிறது, வரிசை நிற்கிறது. இன்றைக்கு இலவச எச்சரிக்கை ஏற்கெனவே தீர்ந்துவிட்டதா என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைப் போடுவது நாம்தான்.

அடுத்து நடப்பது இன்னும் கூர்மை. காவலர் ஒருவர், ஆட்களைப் பிடித்துக் கொடுத்தால் தனக்குப் போனஸ் உண்டு, அதில் பங்கு தருகிறேன் என்கிறார். அதுவரை காகிதத்தில் சின்னப் பிசகு இருந்தால் சிவப்பு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்போம். இப்போது அதே பிசகுக்குக் கைதுப் பட்டனும் திறந்திருக்கிறது. இரவில் வீட்டுக் கணக்கில் கணப்புக்குப் பணம் இடிக்கிறது. மறுநாள் விரல் முத்திரைக்குப் போகாமல் கைதுப் பட்டனுக்குப் போகிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சாதாரணக் குமாஸ்தா ஒருவர் கொடுமைக்குத் துணைபோவது எப்படி என்று வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. இந்த கேமில் அது நம் சுட்டுவிரலில் நடக்கிறது. அதனால்தான் இதற்கு முதலிடம். பாஸ்போர்ட், விசா என்று ஏதேனும் ஒரு கவுண்டர் முன் வயிற்றில் புளியைக் கரைக்க நின்றவர்களுக்கு இது இன்னும் ஆழமாகப் போகும்.

இத்தனைக்கும் நடுவில் மனிதர்கள் மனிதர்களாகவே இருக்கிறார்கள். கையால் வரைந்த போலிப் பாஸ்போர்ட்டோடு சிரித்தபடி வரும் கிழவர் ஜோர்ஜி, திருப்பி அனுப்பினாலும் கோபித்துக்கொள்வதில்லை. மறுநாள் இன்னொரு காகிதத்தோடு வந்து நிற்கிறார். அவரைப் பார்த்ததும் மனசு லேசாகும். கேமுக்கு 20 முடிவுகள். கம்ப்யூட்டரில் ஆடலாம், 2022இலிருந்து போனிலும் கிடைக்கிறது. பெற்றோர் கவனத்துக்கு: உடல் சோதனைப் படங்களில் வரும் நிர்வாணத்தை மறைக்க அமைப்புகளில் வசதி இருக்கிறது. முதலிலேயே அதைச் செய்துவிட்டுக் கொடுங்கள். பதினைந்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் கருத்து.

வாசல்வரை வந்தவை

போர்ட்டல் (2007) கடைசி நேரத்தில் விடுபட்டது. சுவரில் இரண்டு துளை போட்டு ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளிவரும் அந்தக் கருவி அற்புதம்தான், ஆனால் புதிர்களின் விடை தெரிந்தபின் திரும்பப் போனால் வசனங்களைத்தான் ரசிக்கிறேன். செல்டா தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்ட் (2017) மலையைக் கண்டால் ஏறலாம் என்ற ஒரே விதியால் எல்லோரையும் மயக்கியது, என்னையும்தான். நீளம் அதைக் கொஞ்சம் நீர்க்கச் செய்கிறது.

வெண்பாவைப் (2023) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் உருவாக்கியது, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை, 2024இல் சிறந்த முதல் கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் கிடக்கின்றன. விடுபட்ட படியை நாமே ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். அந்தச் சமையல் கட்டங்கள் என் அளவுகோலுக்குக் கனகச்சிதம். மற்ற பகுதி பெரும்பாலும் உரையாடலாகவே நகர்வதால் ஏழுக்குள் வரவில்லை. ஆனாலும் தமிழ் வீட்டில் வளர்ந்த எவரும் இதை ஆடாமல் இருக்கக்கூடாது. ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

உங்கள் பட்டியலுக்கு

பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போடாதீர்கள். எல்லாம் எட்டரையில் வந்து நிற்கும். ஆடிய கேம்களின் பெயர்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, இரண்டிரண்டாக எடுத்து, இன்றிரவு ஒன்றைத்தான் ஆட முடியும் என்றால் எது என்று கேளுங்கள். ஜெயித்ததை மேலே வையுங்கள். மேலே வந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதில் என் கை என்ன செய்தது என்று ஒரே வரி எழுதுங்கள். வரி வராவிட்டால் உங்களுக்குப் பிடித்தது அந்தக் கேமா, அதை ஆடிய காலமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆடிய காலத்துக்காகப் பிடித்திருந்தால் தப்பில்லை. அதைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள்.

உங்கள் அளவுகோல் என்னுடையதாக இருக்க வேண்டியதில்லை. நண்பர்களோடு சேர்ந்து ஆடியதற்காக ஒரு கேமை முதலிடத்தில் வைக்கிறீர்களா, வையுங்கள். ஆனால் அளவுகோல் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், மேலிருந்து கீழ்வரை அதை மாற்றாதீர்கள்.

இந்த ஏழில் ஒன்றையும் இதுவரை ஆடாதவர் டெட்ரிஸில் தொடங்குங்கள், போனில் இலவசமாகவே கிடைக்கும். அடுத்து வாங்குவது பேப்பர்ஸ், ப்ளீஸாக இருக்கட்டும்.